செப்புத் தகட்டில் பழைய உலகம்

தேசப்படம் என்பது நாம் போக வேண்டிய ஊருக்கு வழி காட்டுவது என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால், இனி எவரும் போய்ச் சேர முடியாத ராஜ்யங்களுக்கும், வேதாகமத்திலும் பழைய கிரேக்க, ரோம நூல்களிலும் மட்டுமே பெயர் எஞ்சி நிற்கும் ஸ்தலங்களுக்கும் படம் வரைவதில் ஒருவர் தம் ஆயுளின் பிற்பகுதியைச் செலவிட்டார் என்றால், அந்தப் பழைய உலகம் அவர் நெஞ்சில் எவ்வளவு உயிரோடு இருந்திருக்க வேண்டும்!

அவர் பெயர் அபிரகாம் ஓர்ட்டேலியுஸ். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரில் 1527-ஆம் ஆண்டு பிறந்த அவர், அச்சிட்ட தேசப்படங்களுக்கு வர்ணம் தீட்டுபவராக 1547-இல் அந்நகரத்துச் சித்திரக்காரர் சங்கத்தில் சேர்ந்தார். பல தேசத்தார் பல அளவுகளில் வரைந்து சிதறிக் கிடந்த படங்களை ஒரே அளவாக்கிச் செதுக்குவித்து, 53 தாள்கள் கொண்ட ஒரே புத்தகமாக 1570-இல் அவர் வெளியிட்ட ‘தியாத்ரம் ஆர்பிஸ் டெர்ராரம்’, அதாவது ‘பூமண்டல அரங்கம்’, நவீன அட்லஸ்களுக்கெல்லாம் மூதாதை எனப் போற்றப்படுகிறது. அதற்கு ஆதாரமாயிருந்த படங்களை வரைந்தோரின் பெயர்களையும் அவர் மறவாமல் அந்நூலிலேயே பட்டியலிட்டார்.

பிறருடைய உழைப்பைத் தொகுத்த அந்தப் பெருநூலோடு, 1579 முதல், தாமே ஆராய்ந்து வரைந்த புராதன தேசப்படங்களையும் அவர் சேர்க்கலானார். மூன்றே படங்களுடன் தொடங்கிப் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்த அப்பகுதிக்கு, ‘பக்கத்து வேலை’ என்னும் பொருள்பட ‘பரேர்கோன்’ என்று கிரேக்கத்தில் பெயரிட்டார். நிலத்தை அளந்து வரைந்த படங்கள் அல்ல அவை. தாலமி, ஸ்டிராபோ, பிளினி முதலிய பழைய கிரேக்க, ரோம ஆசிரியர்களின் ஏடுகளைப் படித்துப் படித்து, ஒரே ஊரின் பல பெயர்களை ஒப்பிட்டுத் தெளிந்து வரைந்தவை.

அக்காலத்தில் ஒரு படத்தை அச்சேற்றுவதே பெரும் பிரயாசை. மெருகேற்றிய செப்புத் தகட்டில், கூரிய சிற்றுளியால், எழுத்துகள் உட்பட யாவற்றையும் இடவலமாக மாற்றிச் செதுக்க வேண்டும். தகடு முழுவதும் மை தடவி, மேற்பரப்பை மட்டும் துடைத்தெடுத்தால் செதுக்கிய கோடுகளுக்குள் மை தங்கும். அதன்மேல் ஈரப்படுத்திய காகிதத்தை விரித்து உருளைகளுக்கிடையே அழுத்த, பள்ளத்து மையெல்லாம் காகிதத்தில் ஏறிவிடும். அசல் பிரதியைக் கையிலெடுத்து ஓரத்தை விரலால் தடவினால், தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் இன்றும் தென்படும். வர்ணமோ, பிறகு ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் தீட்டப்பட்டது.

அந்தத் தொகுதியில் என் மனத்தைப் பிணித்தது வேதாகமத்து ஆபிரகாமின் யாத்திரைப் படம். தொங்கவிட்ட திரைச்சீலையைப்போல் நடுவே கானான் தேசம் விரிந்திருக்க, சுற்றிலும் அந்த முற்பிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் 22 வட்டச் சித்திரங்கள் மாலையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. எங்கே நடந்தது என்பதை நடுப்படமும், என்ன நடந்தது என்பதைச் சுற்றுச் சித்திரங்களும் சொல்ல, கண் இரண்டுக்குமாக மாறி மாறிச் சென்று வருகிறது. இடம் தெரியாத கதை அந்தரத்தில் நிற்கும். கதை தெரியாத இடம் வெறும் மண்ணாகக் கிடக்கும். இரண்டையும் ஒரே தாளில் சந்திக்க வைத்ததே ஓர்ட்டேலியுஸ் செய்த அருங்காரியம்.

நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரோம சாம்ராஜ்யத்தின் பாதைகளைக் காட்டும் ‘பியூட்டிங்கர் அட்டவணை’ என்ற நீண்ட தோற்சுருள் அச்சேற வேண்டுமென்று அவர் அரும்பாடுபட்டார். அவர் இறந்த 1598-ஆம் ஆண்டிலேயே அது ஆண்ட்வெர்ப்பில் அச்சாயிற்று. அதன் கிழக்குக் கோடியில், அகஸ்டஸ் கோவில் ஒன்றின் அருகே, ‘முசிரிஸ்’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதாகச் சங்கப் புலவர் பாடிய சேரநாட்டு முசிறியே அது. கடல் கடந்த ஓர் ஊரில், பழைய உலகின் ஒரு பெயரும் அழிந்துவிடலாகாது என்று கவலைப்பட்ட அந்த முதியவரின் சிரத்தையில், அவர் கண்டிராத நம் துறைமுகத்துக்கும் இடம் இருந்தது.