வெட்டிப் பார்த்தால் விளங்கும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

கணக்கு கசப்பானது என்பார் பலர். காரணம் தெரியாமல் விழுங்கும் எதுவும் கசக்கத்தான் செய்யும். மாலை வேளைகளில் முடிச்சூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். உருளைக்கு அடிப்பரப்பை உயரத்தால் பெருக்க வேண்டும், கூம்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்று அவர்கள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். ஆனால், "அந்த மூன்று எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் மௌனம்தான் விடை. அந்த மூன்றை விளக்க நான் கையாளும் வழி, பொருளை வெட்டிப் பார்ப்பது. அந்த வழி பள்ளிக் கணக்கோடு நிற்காமல் நம் ஊர் ஏரிகள்வரை வருகிறது என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

முள்ளங்கியும் நோட்டுப் புத்தகமும்

ஒரு முள்ளங்கியைக் குறுக்கே வில்லை வில்லையாக நறுக்குங்கள். ஒவ்வொரு வெட்டிலும் தெரியும் முகமே குறுக்குவெட்டு. அந்த முகத்தின் பரப்பை வில்லையின் தடிமனால் பெருக்கினால் ஒரு வில்லையின் கன அளவு கிடைக்கும். எல்லா வில்லைகளையும் கூட்டினால் முழு முள்ளங்கியின் கன அளவு. வில்லைகள் மெல்லியவை ஆக ஆக, விடை உண்மையை நெருங்கும். நாம் கல்லூரியில் தொகை நுண்கணிதம் என்று படிப்பதும் இதைத்தான்.

இருபது நோட்டுப் புத்தகங்களை நேராக அடுக்கினாலும், சற்றே சாய்த்துத் தள்ளி வைத்தாலும், காகிதத்தின் அளவு மாறுவதில்லை. ஒவ்வொரு உயரத்திலும் குறுக்குவெட்டுகள் சமமானால் கன அளவுகளும் சமம். இந்தக் கருத்தை விளக்கி இத்தாலியரான கவாலியெரி 1635-இல் நூல் வெளியிட்டார்.

எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். கோடையில் நம் பகுதித் தெருக்களுக்கு வரும் தண்ணீர் லாரியின் தொட்டியைப் படுத்த உருளை என்று கொள்வோம். நீளத்துக்குக் குறுக்கே வெட்டினால் எங்கும் ஒரே முகம். தண்ணீரோ கிடைமட்டமாக நிற்கிறது. கிடைமட்டமாக வெட்டினால் அடியில் குறுகல், நடுவில் அகலம், மேலே மீண்டும் குறுகல். ஆகவே 12,000 லிட்டர் தொட்டியில் கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 3,000 லிட்டர் அன்று. சுமார் 2,350 லிட்டரே.

அந்த மூன்று எங்கிருந்து வந்தது?

முக்கோணம் செவ்வகத்தில் பாதி. எனவே பிரமிடும் பெட்டியில் பாதிதான் என்று பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்திலும் பாதி என்றே காணப்படுகிறது.

வெட்டிப் பார்ப்போம். முனையிலிருந்து பாதித் தொலைவில் வெட்டினால் நீளமும் பாதி, அகலமும் பாதி. பரப்போ கால் பங்காகிவிடுகிறது. இனி 1 செ.மீ. தடிமனுள்ள பத்துச் சதுர அட்டைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் பக்கங்கள் முறையே 1, 2, 3 என்று 10 செ.மீ. வரை. அடுக்கினால் படிக்கட்டுப் பிரமிடு ஒன்று எழும். அதன் கன அளவு 385 கன செ.மீ. அதைச் சுற்றியுள்ள பெட்டியின் அளவோ 1,000. அட்டையை 1 மி.மீ. ஆக மெலித்து, நூறு அட்டைகளை அடுக்கினால் ஆயிரத்துக்குச் சுமார் 338. மேலும் மெலித்தால் 333-ஐ நோக்கி இறங்கும். மூன்றில் ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. கூம்புக்கும் இதே விதி. வட்டத்தின் பரப்பும் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததல்லவா?

குழியும் கூலியும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் மண் வெட்டும் தொழிலாளி. அவருக்குக் கூலி யூனிட் கணக்கில். நூறு கன அடி ஒரு யூனிட். மண் சரியாமலிருக்கக் குழியை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வெட்டுவார்கள். மேலே 20 அடிச் சதுரம், கீழே 10 அடிச் சதுரம், ஆழம் 6 அடி என்று கொள்வோம். இதை எப்படி அளப்பது?

சராசரிப் பக்கம் 15 அடி என்று எடுத்தால் 1,350 கன அடி. மேற்பரப்பு 400, அடிப்பரப்பு 100. அவற்றின் சராசரியை எடுத்தால் 1,500 கன அடி. இரண்டுமே சரியன்று. பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் இதற்கு வழி சொன்னார்: இரு விடைகளுக்கும் உள்ள வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கைச் சிறிய விடையோடு கூட்டுக. வேறுபாடு 150, அதில் மூன்றிலொன்று 50. சரியான விடை 1,400 கன அடி. பத்தாம் வகுப்பில் இடைக்கண்டம் என்று படிக்கும் பாடம் இதுவே.

சராசரிப் பக்கத்தை வைத்து அளந்தால் வெட்டியவருக்கு அரை யூனிட் நட்டம். மேலே அகலமாக வெட்டிய மண் கணக்கில் முழுதாக வருவதில்லை என்று என் தந்தையார் குறைப்படுவதுண்டு. பிரம்மகுப்தரின் கணக்கு அவர் பக்கமே நிற்கிறது.

ஏரியின் குறுக்குவெட்டு

குழியைப் போலவே ஏரியும் மேலே அகன்றது. கரையை ஒட்டி ஆழம். எதிர்ப்புறம் போகப் போக மேடு. அதை ஓர் ஆப்பு என்று கொண்டால், பாதி உயரத்துக்கு நிற்கும் நீர் முழுக் கொள்ளளவில் கால் பங்குதான்.

நமக்கு வடமேற்கே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சராசரியாக ஓர் அடிக்குச் சுமார் 152 மில்லியன் கன அடி. ஆனால் அடியிலுள்ள ஓர் அடி இதைவிடக் குறைவாகவும், உச்சியிலுள்ள ஓர் அடி இதைவிட அதிகமாகவும் கொள்ளும்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு பெருக்கெடுக்க, முடிச்சூர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அவ்வளவு மழையை எந்த ஏரியும் முழுதாகத் தாங்கியிராது. ஆனால் எவ்வளவைத் தாங்கும் என்பதை ஏரியின் அகன்ற மேற்பகுதியே பெரிதும் தீர்மானிக்கிறது.

அந்த மேற்பகுதியைத்தான் நாம் இழந்து வருகிறோம். நம் புறநகர் ஏரிகள் பலவற்றின் ஆழமற்ற ஓரங்கள் மனைகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டன. "ஓரத்தில்தானே தூர்த்தோம், ஆழம் அப்படியே இருக்கிறதே" என்பார்கள். ஓர் ஏக்கர் ஓரத்தில் ஓர் அடி நீர் நிற்கும் இடத்தைத் தூர்த்தால் 43,560 கன அடி போயிற்று. அதாவது சுமார் 12 லட்சம் லிட்டர். கோடையில் அதே நீரை விலைக்கு வாங்க, 12,000 லிட்டர் லாரிகள் நூறு வேண்டும்!

தோழர்களே, நம்மில் பலர் மாலையில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள். அளவியல் பாடம் வரும்போது சூத்திரத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் பிள்ளைகளைப் பத்து அட்டைகளை வெட்டி அடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில் அருகிலுள்ள ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, நீர் ஓரடி ஏறினால் எதுவரை பரவும் என்று கேளுங்கள். அவர்கள் கை நீட்டிக் காட்டும் இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்பதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.