நீராவி என்ஜினின் புகைப்பெட்டி கறுப்பாக இருப்பது ஏன்?

துவாரகா (டெல்லி): 1855-ம் ஆண்டில் தயாரான 'ஃபேரி குயின்' உள்ளிட்ட பாரம்பரிய நீராவி என்ஜின்கள், டெல்லியை அடுத்த ஹரியானா மாநிலம் ரேவாரியில் பராமரிக்கப்படுகின்றன. இத்தகைய என்ஜின்களின் வெளிப்பூச்சு அழகுக்காக மட்டுமன்றி, துருவைத் தடுக்கவும் பூசப்படுகிறது.

கொதிகலனைச் சுற்றி வெப்பக்காப்புப் பொருளும், அதன்மேல் மெல்லிய உலோகத் தகடும் பொருத்தப்படுவதால், அத்தகட்டில் வழக்கமான எனாமல் வண்ணமே நிலைத்து நிற்கும். ஆனால், முன்புறமுள்ள புகைப்பெட்டிக்குப் பொதுவாக இக்காப்பு இருப்பதில்லை. சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள புகை அதன் வழியே புகைபோக்கிக்குச் செல்வதால், சாதாரண வண்ணம் கருகி உரிந்துவிடும்.

எனவே, கரிய கிராஃபைட்டை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசும் வழக்கம் இருந்தது. தற்போது சிலிகான் பிசின் கலந்த, வெப்பம் தாங்கும் வண்ணங்கள் கிடைக்கின்றன. பூச்சு உரிந்த இடத்தில் ஈரம் படிந்தால் தகடு அரிக்கப்படும். பழைய என்ஜின்களுக்கு மாற்றுத் தகட்டைப் புதிதாகவே வடிக்க வேண்டியிருக்கும்.