தள்ளாட்டமும் மருட்கையும்

ஆங்கிலத்தில் 'ஸ்டாகர்' என்றொரு சொல் உண்டு. கால் நிலைகொள்ளாது நடத்தலை அது குறிக்கும். எதிர்பாராத ஒன்றனால் உள்ளம் நிலைகுலைதலையும் அதுவே குறிக்கும். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மாணாக்கர் முன்னதற்குத் 'தள்ளாடுதல்' என்றும் பின்னதற்கு 'வியத்தல்' என்றும் எழுதி அமைகின்றனர். இவை பிழையல்ல, ஆயினும் போதா. அவை போதாமைக்குரிய காரணத்தை ஆராய்தலே ஈண்டு நம் நோக்கம்.

'ஸ்டாகர்' என்பது தள்ளுதற் பொருள்தரும் பழைய நார்சு மொழிச் சொல்லடியிற் பிறந்தது என்பர் ஆங்கிலச் சொற்பிறப்பு நூலார். தமிழ்த் தள்ளாடுதலும் தள்ளுதலை நினைவூட்டுவதே. அதுகொண்டு இரண்டும் ஒருவழிப் பிறந்தன எனத் துணிதல் கூடாது. ஆங்கிலத்தில் இதற்கு இனமான சொற்கள் பல. 'டாட்டர்' முதுமையினையும் குழவிப் பருவத்தையும் சார்ந்தது. 'ரீல்' தலை சுற்றிச் சாய்வது. 'ஸ்டம்பிள்' கால் இடறுவது. 'லர்ச்' கப்பல் திடுமென ஒருபுறம் சாய்தலைக் குறித்த மாலுமியர் வழக்கு, பின்னர் மாந்தர் நடைக்கும் ஆயிற்று. வியப்பைச் சுட்டும் சொற்களும் அங்ஙனமே. 'அஸ்டானிஷ்' என்பதன் அடியில் இடிமுழக்கம் இருக்கின்றது. 'அமேஸ்' என்பது புகுந்தவர் வழியறியாது சுழலும் புதிர்வழியின் பெயரோடு உறவுடையது.

இனித் தமிழுக்கு வருவோம். கோவளத்துக் கடற்கரையில் ஒரு காலைப்பொழுது நின்று நோக்குவார் நிலைகொள்ளா நடையின் வகைகள் பலவற்றை ஓரிடத்தே காணலாம். வலைச்சுமையுடன் மணலிற் கால் புதைய ஏறி வருவோர் தள்ளாடுகின்றனர் என்று எவரும் கூறார். அவர் தளர்ந்து வருகின்றனர். ஈரப் பாறைமேல் அடியிட்டவன் வழுக்குகின்றான். நங்கூரக் கயிற்றிற் கால் சிக்கியவன் தடுக்கி விழுகின்றான். கல்லிற் பட்டவன் இடறுகின்றான். அலைச்சறுக்குப் பலகைமேல் முதன்முறை எழுந்து நிற்கும் இளைஞன் தடுமாறுகின்றான். அன்னை கைவிட்ட சிறுமகவு தத்தித் தத்தி வருகின்றது. மாலையிற் கள்ளுண்டு வருவானுக்கோ கால் பின்னுகின்றது. அவனையே ஊரார் தள்ளாடுகின்றான் என்பர்.

குழவி நடைக்கு நம் இலக்கியம் தனிச்சிறப்பு நல்கியுள்ளது. தளர்நடை என்னும் தொடர் முதியோர்க்கு இரக்கமும் மகவுக்கு இன்பமும் தோன்ற வருவது. பிள்ளைத்தமிழ் நூல்கள் செங்கீரைப் பருவத்தில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் நிலத்தூன்றித் தலையெடுத்து ஆடும் அசைவையும், வாரானைப் பருவத்தில் அடியெடுத்து வருதலையும் தனித்தனியே பாடுகின்றன. நடை நிலைபெறுமுன் நிகழும் அசைவுக்கென ஒரு பருவமே வகுத்த மொழியில், அனைத்து நடைக்கும் 'தள்ளாடுதல்' ஒன்றே அமையும் எனல் பொருந்துமோ? ஒல்குதல் என்னும் பழஞ்சொல்லையும் ஈண்டு எண்ணுக. அது மெல்ல அசைந்து நடத்தலையும் வலியின்றித் தளர்தலையும் ஒருங்கே குறிப்பது. தொல்காப்பியர்க்கு உரைத்த 'ஒல்காப் புகழ்' என்னும் அடையில் எதிர்மறையாக இன்றும் வாழ்கின்றது.

இவ்வேறுபாடு புலவர் பொழுதுபோக்கு அன்று. சாலை நேர்ச்சி ஒன்றனைப் பற்றிய ஆங்கில அறிக்கையில், அடிபட்டவர் அதற்குமுன் 'ஸ்டாகர்' நிலையில் நடந்தார் என்றிருப்பதாகக் கொள்வோம். அதனைத் 'தள்ளாடி நடந்தார்' எனப் பெயர்த்தால், படிப்போர் நெஞ்சில் மது என்னும் எண்ணம் சொல்லாமலே புகும். நீரிழிவுடையார்க்குக் குருதியிற் சர்க்கரை மிகக் குறையினும் நடை நிலைகுலையும் என மருத்துவம் கூறுகின்றது. 'தடுமாறி நடந்தார்' என்பது காரணம் கூறாது நிகழ்ச்சியை மட்டும் கூறும். 'தள்ளாடி' என்பதோ தீர்ப்பையும் உடன் கூறிவிடும். இழப்பீடும் ஒருவர் நற்பெயரும் ஒரு வினைச்சொல்லைச் சார்ந்து நிற்கும் இடம் இது. நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் தமிழ் வழங்குதல் வேண்டும் என வலியுறுத்தும் நாம் இதனைக் கருதாதிருத்தல் ஆகாது.

உடலின் தடுமாற்றமும் உள்ளத்தின் தடுமாற்றமும் ஒரு சொல்லாற் குறிக்கப்பெறுதல் ஆங்கிலத்திற்கே உரியதோ எனின், அன்று. தொல்காப்பிய உரியியல் அலமரல், தெருமரல் என்னும் இரண்டிற்கும் சுழற்சி என்று பொருள் கூறும். பின்னைய இலக்கியத்தில் கண்ணும் அலமரும், நெஞ்சும் அலமரும். பேச்சு வழக்கோ இதனினும் தெளிவுடையது. 'விலையைக் கேட்டு ஆடிப்போனேன்' என்கிறார் சந்தைக்குச் சென்று மீண்டவர். 'ஸ்டாகர்' என்பதன் இரண்டாம் பொருளுக்கு இதனின் நேரான தமிழ் வேறொன்று வேண்டா. 'அசந்துபோனேன்' என்பதும் அத்தகையதே: அசந்து உறங்குவோன் உடல் சோர்ந்தவன், பாட்டைக் கேட்டு அசந்துபோனவன் உள்ளம் வியந்தவன். இவற்றைக் கொச்சை எனத் தள்ளிவிட்டு 'வியப்பில் ஆழ்ந்தேன்' என எழுதுவது நம் எழுத்தாளர் சிலர்க்குப் பழக்கமாயிற்று. விலையேற்றத்தைக் கண்டு வியப்பில் ஆழ்வார் உலகில் உளரோ என்று நாம் வினவ விரும்புகின்றோம்.

வியத்தல் என்பது மதிப்போடு கூடியது. கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் செய்யுளில் பெரியோர் திறத்து வருவதும், தன்னைத் தான் வியத்தல் கூடாதென விலக்கும் 439ஆம் குறளில் வருவதும் இவ்வினையே. இரண்டிடத்தும் மேலாக மதித்தல் என்னும் பொருள் உண்டு. மருட்கை அதனின் வேறாயது. மருளுதல் மயங்குதல், பகலும் இரவும் கலக்கும் மாலையை மருள்மாலை என்றதும் அது கருதியே. மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் எண்ணிய எட்டனுள் ஒன்று மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதன் நிலைக்களன். ஆக்கமாவது ஒன்று வேறொன்றாய்த் திரிதல். அறிவு எட்டாது நிற்கும் நிலையே இதன் இயல்பாதலின், இதுவும் ஒருவகை நடைத் தடுமாற்றமே எனலாம்; தடுமாறுவது அறிவு.

கோவளத்தினின்று தெற்கே சென்றால் அடையும் மாமல்லபுரத்தில் இந்நான்கினையும் காணலாம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் சிற்பத்தில், இரு பெரும்பாறைகளின் முகம் முழுதும் பரந்து கிடக்கும் அருச்சுனன் தபசு பெருமை பற்றிய மருட்கை. அதன்கண் யானையின் அருகே கைகளை மேலுயர்த்தித் தவம்புரியும் பூனையும் சூழ நிற்கும் எலிகளும் சிறுமை பற்றியன. பாறை தேராய்த் திரிந்தது ஆக்கம். சரிவில் உருண்டுவிடுவதுபோல் நின்றும் உருளாத வட்டக்கல்லோ புதுமை. அக்கல் தள்ளாடவில்லை, காண்பார் உள்ளமே தடுமாறுகின்றது.

பிற்காலத்துத் தண்டியலங்காரம் சுவைகளை எண்ணுமிடத்து மருட்கையை விடுத்து வியப்பு என்றே கூறிற்று. வடமொழியினின்று வந்த அற்புதம், விம்மிதம், ஆச்சரியம் என்பனவும் அவ்விடத்தை நிரப்பின. இறும்பூது என்னும் சங்கச் சொல் மேடைப்பேச்சில் அணியாக எஞ்சியது. மருட்கை இலக்கண நூலளவில் ஒடுங்கவே, மயக்கத்தோடு கூடிய வியப்பிற்கு உரைநடையில் இன்று நின்று உதவுவன திகைப்பும் மலைப்பும் ஆம். இவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. திகைத்தவன் செய்வதறியான், மலைத்தவன் செய்யவேண்டியதன் அளவைக் கண்டு தயங்குவான். தேர்வுத்தாளைக் கண்டு மாணவன் திகைப்பான். பாடநூலின் பருமனைக் கண்டு மலைப்பான்.

1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதனாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது. அத்தகைய அகராதிகள் ஒருசொல்லுக்கு நேராகப் பல சொற்களை நிரல்படத் தருவன. எச்சொல் எவ்விடத்துக்கு உரியது என்பதனைப் படிப்போரே உய்த்துணர்தல் வேண்டும். இனிச் செய்யப்பெறும் பதிப்புகளில், நடப்பவர் யார், தடுமாற்றத்தின் காரணம் யாது, கூறுவோர் இரங்குகின்றாரோ பழிக்கின்றாரோ என்னும் மூன்றனையும் ஒவ்வொரு சொல்லின் பக்கத்தே குறித்தல் நலம். அவற்றோடு 'ஆடிப்போதல்' என்பதனையும், கொச்சை என்னும் குறிப்பின்றிச் சேர்த்தல் வேண்டும்.