கீரைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள்

பீட்ரூட் நறுக்கினால் கை சிவக்கிறது. தண்ணீரில் போட்டால் தண்ணீரும் சிவக்கிறது. காரட் அப்படியல்ல. தண்ணீரில் வேகவைத்தாலும் தன் நிறத்தை அவ்வளவு சுலபமாக விட்டுக் கொடுக்காது. அதே காரட்டைத் துருவி எண்ணெயில் வதக்கிப் பாருங்கள். வாணலியின் ஓரத்தில் எண்ணெய் பொன்னிறமாக மின்னும்!

அடுப்படியில் நடக்கும் இந்தச் சின்ன வேடிக்கைக்கும் உங்கள் குழந்தையின் கண்ணுக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா?

1831-ல் ஜெர்மனியில் வாக்கன்ரோடர் என்ற ரசாயன நிபுணர் காரட்டிலிருந்து இந்த நிறப்பொருளைப் பிரித்தெடுத்தார். காரட்டின் பெயரை ஒட்டியே அதற்குக் 'கரோட்டீன்' என்று பெயர் வந்தது. நாற்பது கார்பன் அணுக்களும் ஐம்பத்தாறு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது அது என்று 1907-ல் வில்ஸ்டாட்டர் கண்டார். அதன் அமைப்பை விளக்கிய ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி பால் காரருக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படி என்ன அமைப்பு? ஒரு நீண்ட சங்கிலி. இரு முனையிலும் ஒவ்வொரு வளையம். அந்தச் சங்கிலி வெளிச்சத்திலுள்ள நீலத்தை விழுங்கிவிடுகிறது. எஞ்சிய வெளிச்சம் நம் கண்ணுக்கு ஆரஞ்சாகத் தெரிகிறது. நம் குடலில் இந்தச் சங்கிலி நடுவில் இரண்டாக வெட்டப்படுகிறது. அதிலிருந்து பிறப்பதுதான் வைட்டமின் ஏ.

தக்காளியைச் சிவக்க வைக்கும் லைகோபீனிலும் இதே நாற்பது, இதே ஐம்பத்தாறு அணுக்கள்தாம். ஆனால் முனைகளில் வளையம் இல்லை. ஆகவே அதை எங்கே வெட்டினாலும் வைட்டமின் ஏ கிடைக்காது. நிறத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, பார்த்தீர்களா!

மங்கிய வெளிச்சத்தில் கண் தெரிய வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால், பகலெல்லாம் ஓடியாடிய குழந்தை விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்படியில் தடுமாறும். இதுவே மாலைக்கண். கவனிக்காமல் விட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகிப் பார்வையே பறிபோகலாம். இதைத் தடுக்கத்தான் இந்திய அரசு 1970-ல், சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ புகட்டும் திட்டத்தைத் தொடங்கியது.

காரட் வாங்கக் கட்டுப்படியாகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். முருங்கைக்கீரையிலும் அகத்தியிலும் முளைக்கீரையிலும் கரோட்டீன் நிறைய இருக்கிறது. பச்சை நிறம் அதை மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பப்பாளியும் மாம்பழமும் மறைக்காமல் காட்டுகின்றன.

ஆனால், தட்டில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது. ஒரு பங்கு வைட்டமின் ஏ கிடைக்கச் சுமார் 12 பங்கு கரோட்டீன் உண்ண வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தண்ணீரில் கரையாத பொருள் அல்லவா? அது உடம்பில் சேர எண்ணெயோ நெய்யோ துணை வேண்டும். 'எண்ணெய் செலவு' என்று கீரையை வெறுமனே வேகவைத்துப் போடாதீர்கள். மூடி போட்டு அளவாக வேகவிட்டு, நன்றாக மசித்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். கீரையை வெயிலில் காயவைக்க வேண்டாம். வெயிலும் காற்றும் கரோட்டீனை அழித்துவிடும்.

காரட்டும் பப்பாளியும் ஏராளமாகத் தின்ற குழந்தையின் உள்ளங்கை மஞ்சளித்தால் பயப்பட வேண்டாம். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அது பெரும்பாலும் கரோட்டீனின் சாயம்தான். வெள்ளையும் மஞ்சளித்தால் மஞ்சள்காமாலையாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மாலையில் தடுமாறும் குழந்தையையும் அப்படியே. கீரை கொடுத்தால் சரியாகிவிடும் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

மற்றபடி, நாளைக்குக் கீரைக்காரி வாசலில் குரல் கொடுத்தால், 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லுமுன் ஒரு கணம் யோசியுங்கள். அவள் கூடையில் பச்சைக்குள்ளே மஞ்சள் இருக்கிறது. அந்த மஞ்சளுக்குள்ளே பார்வை இருக்கிறது.