ஏறத்தாழ எத்தனை?

கூட்டத்திற்கு எத்தனை பேர் வந்தனர் என்று கேட்டால், “நாலைந்து பேர்” என்போம். “பத்துப் பதினைந்து பேர்” என்போம். “நூறு நூற்றைம்பது பேர்” என்றும் கூறுவோம். ஆனால் “நூற்றொன்று நூற்றிரண்டு பேர்” என்று எவரும் சொல்ல நான் கேட்டதில்லை. எண் பெருகப் பெருக இடைவெளியும் பெருகுகிறது. இது வெறும் பேச்சு வழக்கன்று. நம் மூளையின் இயல்பே இதுதான்.

1871-இல் ஜெவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு சோதனை செய்தார். கைப்பிடி அவரை விதைகளை ஒரு சிறு பெட்டியை நோக்கி எறிவார். பெட்டியில் விழுந்தவை எத்தனை என எண்ணாமலே மதிப்பிடுவார். பின்னர் எண்ணிச் சரிபார்ப்பார். ஆயிரம் முறைக்குமேல் இவ்வாறு செய்தார். மூன்று, நான்கு விதைகளில் ஒருமுறையும் பிழை நேரவில்லை. ஐந்தில் பிழை தலைகாட்டியது, அதற்குமேல் வளர்ந்தது.

காரணம் என்ன? நம் மூளை வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, விகிதத்தைப் பார்க்கிறது. 8 புள்ளிகளுக்கும் 16 புள்ளிகளுக்கும் உள்ள வேற்றுமை கண்ட மாத்திரத்தில் விளங்கும். 80-க்கும் 88-க்கும் இடையிலும் வித்தியாசம் அதே எட்டுதான். ஆயினும் கண் திகைக்கிறது. ஆறு மாதக் குழந்தைகளும் 8-ஐயும் 16-ஐயும் பிரித்தறிந்தன. 8-ஐயும் 12-ஐயும் பிரித்தறியவில்லை என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பிரேசில் நாட்டு முண்டுருக்கு மக்களின் மொழியில் ஐந்துக்கு மேல் எண்ணுப்பெயர் இல்லை. எனினும் பெரிய புள்ளிக் கூட்டங்கள் இரண்டில் எது மிகுதி என்பதை அவர்கள் பிரெஞ்சுக்காரரைப் போலவே கூறினர். சரிநுட்பமான கழித்தலில்தான் தடுமாறினர். இது 2004-இல் வெளிவந்த முடிவு. ஆகவே, ஏறத்தாழ அறிதல் நமக்குப் பிறவிச் செல்வம். துல்லியமாக எண்ணுதல் மொழியும் கல்வியும் தந்த செல்வம் என்பது என் துணிபு.

நண்பர்களே, இதில் நமக்கோர் எச்சரிக்கையும் உண்டு. செய்தித்தாளில் பத்து லட்சம் என்று படித்தாலும் நூறு கோடி என்று படித்தாலும், “பெருந்தொகை” என்ற ஒரே எண்ணமே மனத்தில் எழுகிறது. பத்து லட்சம் விநாடி என்பது சுமார் 11½ நாள். நூறு கோடி விநாடியோ 31 ஆண்டுகளுக்கும் மேல்! பொதுப்பணத்தின் கணக்கைக் கண்மதிப்பில் விட்டுவிடலாமா? அங்கே பிறவி அறிவு போதாது. தாளும் பென்சிலும் எடுத்து வகுத்துப் பார்ப்பதே குடிமக்களாகிய நம் கடமை.