கோல்ப் வீச்சும் காலடி நிலையும்

கொழும்பிலிருந்து அவிசாவளைக்குச் செல்லும் களனிவெளிப் புகையிரதப் பாதை, றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் திடலை ஊடறுத்துச் செல்கின்றது. 1879 ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகத்தின் புற்றரையில் ஒருவர் கோலை ஓங்கிப் பந்தை அடிப்பதைப் புகையிரதத்தின் சாளரத்தினூடே கண்டோர், அது முற்றிலும் கையின் வேலை என்றே எண்ணுவர். ஆயின் பந்து நெடுந்தூரம் பறப்பதும், அருகிலேயே உருண்டு நிற்பதும் கையைப் போலவே காலையும் பொறுத்தன.

இதற்குக் காரணம் எளிது. ஆடுபவரின் உடல் ஊன்றி நிற்பது நிலத்தில். நிலத்தைக் கால் எவ்வளவு விசையோடு உந்துகின்றதோ, அவ்வளவு விசையோடு நிலமும் உடலை எதிருந்துகின்றது என்பது நியூற்றன் வகுத்த விதி. எண்ணெய் சிந்திய தரையில் நின்று கோடரியை ஓங்குபவன் வலிமை மிக்கவனாயினும் விறகைப் பிளக்க மாட்டான். கோல்ப் ஆடுவோரின் சப்பாத்துக்களின் அடியிற் சிறு முனைகள் பொருத்தப்படுவதும் இதன் பொருட்டே.

வலக்கையால் ஆடும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். அடிக்க ஆயத்தமாகும்போது அவருடைய பாதங்கள் ஏறக்குறையத் தோளகலத்துக்கு விலகி நிற்கும். நெடுந்தூரம் அடிக்கும் கோலாயின் சற்றுக் கூடுதலாக விலகும். நடுத்தரக் கோலைப் பிடிக்கையில் உடற்பாரம் இரு பாதங்களிலும் ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும். அது குதியிலும் தங்காது, விரல் நுனியிலும் தங்காது, பாதத்தின் நடுப்பகுதியிலே அமைதல் நன்று.

கோல் பின்னோக்கி உயரும்போது தோள்கள் திரும்புகின்றன. பாரம் வலப் பாதத்தின் உட்புறத்துக்குச் செல்கின்றது. இங்கு “உட்புறம்” என்பதே முக்கியமானது. பாரம் வலப் பாதத்தின் வெளி விளிம்புக்குச் சென்றுவிட்டால், உடல் திரும்புவதற்குப் பதிலாகப் பக்கவாட்டிற் சரிந்துவிடும். சரிந்த உடல் உரிய வேளையில் மீள்வது அரிது. இடக் குதி சற்று உயரலாம். பதினெட்டு முதன்மைச் சுற்றுப்போட்டிகளில் வென்ற ஜக் நிக்லஸ் அதனை நன்கு உயர்த்தியே ஆடினார்.

கோல் கீழிறங்குதல் காலிலிருந்தே தொடங்குகின்றது. முதலில் இடப் பாதம் நிலத்தில் அழுந்தும். அடுத்து இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பும். பின்னர் தோளும் கையும் தொடரும். இறுதியிலேயே கோலின் தலை விரைந்து வரும். வீச்சுவலை எறியும் மீனவனின் உடலிலும் இத்தகைய ஒழுங்கு காணப்படும். விசையை அளக்கும் தட்டுகளின் மேல் ஆட்டக்காரரை நிறுத்தி ஆராய்ந்தவர்கள், தேர்ந்தவர்களிடம் கோல் உச்சியை அடையு முன்னரே பாதத்தின் அழுத்தம் இடப்புறம் நகரத் தொடங்குவதைக் கண்டனர். கோல் இறங்குவதற்கு ஏறத்தாழக் கால் விநாடியே ஆகின்றமையால், பிந்திய காலுக்கு அவகாசமில்லை.

புதிதாகப் பழகுவோர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்குவதுண்டு. கோலை உயர்த்துகையில் இடக்காலிற் சாய்ந்து, அடிக்கையில் வலக்காலில் விழுவர். அதனால் கோல் பந்துக்குப் பின்னேயுள்ள மண்ணைக் கிளறும். அல்லது பந்தின் உச்சியை மட்டும் உரசிச் செல்லும். பந்தை மேலே தூக்க வேண்டுமென்னும் எண்ணமே இப்பிழைக்குத் தாய். பந்தை உயர்த்துவது கோலின் சாய்ந்த முகம். ஆடுபவர் அதற்கெனப் பின்சாய வேண்டியதில்லை.

காலடியின் அருமையை அமெரிக்கரான பென் ஹோகனைப் போல் அறிந்தோர் சிலரே. 1949 பெப்ரவரி 2 ஆம் நாள் ரெக்ஸாஸ் மாநிலத்தில் அவருடைய கார்மீது பஸ் ஒன்று மோதியது. இடுப்பெலும்பும், காறையெலும்பும், இடது கணுக்காலும் முறிந்தன. மீண்டும் நடப்பாரோ என்றே பலரும் ஐயுற்றனர். 1950 யூனில், துணி சுற்றிய கால்களுடன், மெரியன் திடலில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் இறுதி நாளில் 36 குழிகளை நடந்து ஆடினார். மூவர் சமநிலையில் நின்றமையால் மறுநாள் மேலும் 18 குழிகள் ஆட நேர்ந்தது. அவற்றை 69 அடிகளில் முடித்து அவரே வென்றார். 1957 இல் வெளிவந்த அவருடைய நூலில், கோலைப் பிடிக்கும் முறைக்கு அடுத்த பாடம் நிற்கும் நிலையே. வலப் பாதம் இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாகவும், இடப் பாதம் சற்று வெளிப்புறம் திரும்பியும் இருத்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. வலப் பாதம் பின்வீச்சில் இடுப்பு மிகையாகத் திரும்பாது தடுக்கும். இடப் பாதம் முன்வீச்சில் உடல் திரும்ப வழிவிடும்.

திடலை அணுகாத நேயரும் ஒரு கைத்தடியைக் கொண்டு முற்றத்தில் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். தடியை வீசி முடித்தபின் அப்படியே அசையாது நிற்க வேண்டும். பாரம் ஏறத்தாழ முழுவதும் இடக்காலில் அமைந்து, வலப் பாதம் விரல் நுனியில் மட்டும் நிலத்தைத் தொட்டு நின்றால், ஒழுங்கு சரியாகும். வலப் பாதத்தை மெல்ல உயர்த்தியும் உடல் தள்ளாடாதிருத்தல் அதற்குச் சான்று. தள்ளாடினால், கையைத் திருத்துமுன் காலைத் திருத்துக.