தோப்பிருட்டும் சப்தரிஷியும்

வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு, மைசூருக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் தோற்றுத் திரும்பியவர். 1799 ஏப்ரல் 5 இரவு, திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டதன் தொடக்கம். அப்போது அவர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி; அயர்லாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளை, 33-ஆம் படைப்பிரிவின் தலைவர். கவர்னர் ஜெனரலே சொந்த அண்ணன்.

சுல்தான்பேட்டைத் தோப்பில் மரங்களும் வாய்க்கால்களுமாக ஒரே இருட்டு. உள்ளே திப்புவின் ஆட்கள் துப்பாக்கியும் வாணமுமாகக் காத்திருந்தார்கள். அந்த வாணங்களில் மருந்தை இரும்புக் குழாயில் அடைத்திருந்தார்கள். காகிதக் கூடு கிழிந்துவிடும் அழுத்தத்தை இரும்பு தாங்கும், அதனால் வெகுதூரம் பாயும். வெல்லெஸ்லிக்கு முழங்காலில் அடி, படை சிதறியது, 12 பேர் பிடிபட்டார்கள். மறுநாள் வெளிச்சத்தில் அதே தோப்பு சுலபமாக வீழ்ந்தது. பகலில் பார்த்தறியாத இடத்தை இரவில் தாக்குவதில்லை என்று அவர் முடிவுகட்டினார்.

இதே முற்றுகையின்போது ஆங்கிலேயரின் இன்னொரு படை இருட்டில் திசை தப்பியது. தெற்கே போவதாக நினைத்து, ஜெனரல் பேர்ட் எதிரியிருந்த வடக்கே நடத்திக்கொண்டிருந்தார். அதைச் சொன்னவர் வில்லியம் லாம்டன், வெல்லெஸ்லியின் படைப்பிரிவு அதிகாரி. அவர் பார்த்தது வானத்தை.

துருவ நட்சத்திரம் எந்த ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, அதுவே அந்த ஊரின் அட்சரேகை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுமார் 12 பாகை; ஒரு தென்னை வரிசை போதும், மறைத்துவிடும். ஆனால் ஏப்ரல் முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் வடவானில் பாதி உயரத்துக்கு ஏறி நிற்கும். அதன் ஓரத்து இரு நட்சத்திரங்களை இணைத்துக் கோட்டைக் கீழே நீட்டினால் துருவம் இருக்குமிடம் தெரிந்துவிடும். சப்தரிஷி எதிரே நின்றால் நடப்பது வடக்கே. ஜெனரல் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திசைகாட்டி லாம்டன் பக்கம் பேசியது.

கோட்டை விழுந்த பிறகு, தீபகற்பத்தைக் குறுக்காக அளக்க லாம்டன் ஒரு திட்டம் நீட்டினார். வெல்லெஸ்லி ஆதரித்தார், அனுமதியும் கிடைத்தது. என் கணக்கில், பிரபு மைசூரில் செய்த காரியங்களில் நெடுநாள் நின்றது இந்தச் சிபாரிசுதான். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் லாம்டன் அளந்தார். அந்த அடிக்கோட்டின்மேல் அளவைக்காக அமைக்கத் தொடங்கிய முக்கோணங்கள் அவர் காலத்துக்குப் பிறகு இமயம்வரை போயின. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்த அளவை கொண்டே.